பேராசிரியர் மாப்பிள்ளை ஊரில் இல்லை

அண்ணாமலை நகர்,
24.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஜோதி எழுதிக்கொண்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்தப் பயிற்சிப் பள்ளி விடுதியில் சோறு வாயில் வைக்கும்படி இருக்கிறதா, தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்பதற்கு மட்டும் பதில் போடுங்கள்.

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நம் அறைக்கும் வீட்டுக்கார ரத்தினம்மாள் அக்காவின் அடுப்படிக்கும் நடுவில் ஒற்றைக் கல் சுவர்தான். முந்தாநாள் நீங்கள் போனில், "ஜோதி, இன்னிக்கு லாரிய ரிவர்ஸ்ல கொண்டாந்து கோட்டுக்குள்ள நிறுத்துனேன்டி, மாஸ்டரே கை தட்டுனாரு" என்று சந்தோஷத்தில் கத்தினீர்களே, அந்தப் பக்கம் அக்கா தாளித்துக்கொண்டிருந்த சத்தம் அப்படியே நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. போனைப் போர்வைக்குள் திணித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் இருமினேன். இனிமேல் முக்கியமானதெல்லாம் கடிதத்தில்தான்.

அக்காவிடம், "அவரு டிரெய்னிங் போயிருக்காருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய் இல்லையே. என்ன டிரெய்னிங் என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலேஜ்காரர்களுக்கு லீவில் ஏதாவது வகுப்பு இருக்கும் என்று அவராக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

போன வாரம் எங்கள் மருந்துக் கடைக்கு ஒரு லாரி டிரைவர் இருமல் மருந்து வாங்க வந்தார். பில் போடும்போது, யாருக்கோ கேட்பதுபோல், லாரி ஓட்ட எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் உற்சாகமாகிவிட்டார். "முன்ன எட்டாவது பாஸ் கேட்டாங்கம்மா. அதையும் எடுத்துட்டாங்க. இப்ப படிப்பே வேணாம். இருவது வயசு முடிஞ்சிருக்கணும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம் ஆயிருக்கணும். அப்புறம் டிரைவிங் ஸ்கூல்ல ஹெவிக்குப் பழகி சர்டிபிகேட் வாங்கணும், கண்ணு காது நல்லா இருக்குன்னு டாக்டர் கையெழுத்துப் போடணும், டெஸ்ட்ல ஓட்டிக் காட்டணும். அவ்ளோதான்" என்றார். அத்தோடு விட்டாரா? "யாருக்கு, தம்பிக்கா? என்ன படிச்சிருக்கான்?" என்று கேட்டார். எனக்கு வாயில் என்ன வந்ததோ, "பத்தாவது பெயிலு" என்றேன். "அட, அதுவே ஜாஸ்திம்மா. நான் அஞ்சாவது" என்று தெம்பு சொல்லிவிட்டுப் போனார்.

நெட் தேர்வு எழுதித் தேறிய எம்.ஏ., எம்.ஃபில். புருஷனைப் பத்தாவது பெயில் ஆக்கியவள் இந்தச் சிதம்பரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடையை மூடும்வரை எனக்கு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உங்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் சேரவில்லை என்று அந்தக் காலேஜில் பிரிவையே மூடினார்கள். அதற்கு முன்னாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் பிரின்சிபால் அறை வாசலில் நின்று, இந்த வருஷமும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் கேட்டுவிட்டு வரும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவள் நான்தான். லாரியில் அப்படி யார் வாசலிலும் நிற்க வேண்டாம், ஓட்டத் தெரிந்தால் போதும் என்கிறீர்கள். சரி. ஆனால் வேலை போனவன் என்று சொல்வதற்கும் லாரி டிரைவர் என்று சொல்வதற்கும் நடுவில் வேறு ஒன்றுமே இல்லையா? டியூஷன் எடுக்கக் கூடாதா? அச்சாபீஸில் பிழை திருத்தக் கூடாதா?

காட்டுமன்னார்கோயிலில் அம்மாவுக்கும் தம்பி தமிழ்மணிக்கும் இன்னும் தெரியாது. தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள். வருகிற தரகரிடமெல்லாம் அம்மா முதல் வார்த்தையாக, "எங்க மாப்ள புரபசரு" என்றுதான் ஆரம்பிக்கிறதாம். ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிற பையனுக்கு அது ஒரு பலம். அந்த வாயில் நான் எப்படி மண்ணைப் போடுவேன், சொல்லுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நேற்று தில்லைக் காளியிடம் நீங்கள் டெஸ்டில் தோற்றுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெளியே வந்து செருப்பைப் போட்டதும் பயமாகிவிட்டது. தோற்பது என்றால் எதிலாவது மோதித் தோற்றுவிட்டால்? திரும்ப உள்ளே போய், அடியே தாயே, அவர் ஜெயித்தாலும் பரவாயில்லை, மேலே கீறல் இல்லாமல் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கண்ணாடி போடாமல் வண்டியில் ஏறாதீர்கள்.

உங்கள்மேல் கோபமும் அக்கறையுமாக,
ஜோதி


அண்ணாமலை நகர்,
20.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இதைக் கடலூர் முதுநகர் லாரி புக்கிங் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீங்கள் ஆந்திராவிலிருந்து திரும்பியதும் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு நீங்கள் இல்லாமல் நானே அடுப்பு மூட்டி நானே பொங்கி நானே தின்றேன். கரும்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் நல்ல சேதி. தம்பிக்குத் திட்டக்குடியில் பெண் அமைந்துவிட்டது. பெயர் பவானி, எம்.எஸ்ஸி. படித்திருக்கிறாள். அப்பா சுப்பராயலு, உரக்கடை வைத்திருக்கிறார், நிலமும் உண்டு. மாசி மாதம் கல்யாணம், சிதம்பரத்தில்தான் மண்டபம். அம்மா தரையில் கால் பாவாமல் நடக்கிறது.

இனி உங்களுக்குப் பிடிக்காத சேதி. பெண் வீட்டார் மில் கணக்குப்பிள்ளைக்கு எம்.எஸ்ஸி. பெண்ணை எப்படிக் கொடுப்பது என்று முதலில் தயங்கினார்களாம். சுப்பராயலு மாமா என்னிடமே சொன்னார்: "பையன் படிப்பு கம்மிதான். ஆனா பையனோட அக்கா வீட்டுக்காரரு காலேஜ் புரபசருன்னாங்க பாரு, அப்பதான்மா எனக்கு மனசு எறங்குச்சு. படிச்சவங்க இருக்குற குடும்பம்." அவர் அப்படிச் சொல்லும்போது நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். இல்லை மாமா, அவர் இப்போது லாரி ஓட்டுகிறார் என்று அந்த இடத்தில் நீங்களே இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

சொல்லியிருப்பேன் என்று சொல்வீர்கள். தெரியும். அதற்குத்தான் கேட்கிறேன், நீங்கள் மட்டும் யோக்கியமா? லாரி முதலாளி அந்தோணிசாமி அண்ணனிடம் வேலை கேட்கப் போனபோது என்ன படிப்பு என்றதற்கு, "பத்தாவதுண்ணா" என்றீர்களே? எம்.ஏ. என்றால், படிச்சவன் நாலு மாசத்தில் வேறு வேலை கிடைத்து ஓடிவிடுவான், நடுவில் சட்டம் பேசுவான் என்று வண்டி கொடுக்க மாட்டார்கள் என்றீர்கள். வேலைக்காகப் படிப்பை மறைத்தீர்கள். நான் தம்பிக்காக வேலையை மறைக்கிறேன். இரண்டும் ஒரே தராசில்தான் நிற்கிறது. நான் மருந்துக் கடையில் சொன்ன அந்தப் பத்தாவது பெயிலைவிட நீங்கள் ஒரு படி மேல், அவ்வளவுதான்.

ஒன்றை மறுக்கவில்லை. இந்த ஆறேழு மாதமாக நீங்கள் எனக்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. வண்டியை பைபாஸிலேயே விட்டுவிட்டு, பெட்ரோல் பங்க் குழாயில் கைகால் கழுவி, தேய்த்த சட்டை மாட்டி, பையில் பேனா குத்தி, கக்கத்தில் ஒரு புத்தகத்தோடு தெருவுக்குள் வருவீர்கள். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. நகக்கண்ணில் இருக்கிற கிரீஸ் மட்டும் போகாது. ரத்தினம்மாள் அக்கா கண்ணில் படாமல் கையை மடக்கிக்கொண்டு நீங்கள் பேசுவதைப் பார்த்தால் எனக்குத்தான் எங்கோ சுருக்கென்று குத்தும். அதற்காக விட்டுவிட முடியுமா?

கல்யாணத்துக்கு வர வேண்டிய முறையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள். பட்டு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். பெண் வீட்டார் நம் வீட்டு மாப்பிள்ளைக்குத் தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள், சபையில் எழுந்து வாங்கிக்கொள்ள வேண்டும். காலேஜைப் பற்றிக் கேட்டால், இப்ப பிள்ளைங்க எங்க சார் படிக்குதுங்க என்று பொதுவாகச் சொல்லிவிடுங்கள். டயர், டீசல், டோல்கேட் எதையும் வாயில் எடுக்காதீர்கள். நான் டிரைவர் என்று சொன்னால் என்னடி ஆகிவிடும் என்று போன தடவை கேட்டீர்கள். ஒன்றும் ஆகாது, அம்மாவிடமும் தம்பியிடமும் சொல்லிவிட்டேன்; பெண் வீட்டாருக்கு மட்டும், தாலி ஏறட்டும், அப்புறம் நானே மெதுவாகச் சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

லோடு கிடைக்கவில்லை, இறக்கத் தாமதம் என்று எதையாவது காரணம் காட்டி நாளைத் தள்ளிவிடாதீர்கள். நம் பக்கத்துப் பத்திரிகையில் உங்கள் பெயருக்குப் பின்னால் பட்டம் எல்லாம் போட்டு, பேராசிரியர் என்று அச்சடித்தாகிவிட்டது. அவ்வளவு பெரிதாகப் போட்டுவிட்டு ஆளைக் காட்டாமல் இருந்தால் நான் எங்கே போய் நிற்பது?

பார்த்து ஓட்டுங்கள். தூக்கம் வந்தால் ஓரம் கட்டுங்கள். சீக்கிரம் வந்து சேருங்கள்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
ஜோதி


அண்ணாமலை நகர்,
16.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் பிரிப்பீர்களா என்றே எனக்குத் தெரியாது. பிரித்தால் முழுதும் படியுங்கள். திட்டுவதானால் படித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள். திட்டினால் எவ்வளவோ நன்றாக இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு போனில் நான் ஹலோ என்றால், "சொல்லுங்க" என்கிறீர்கள். "சாப்டிங்களா" என்கிறீர்கள். வாடி போடி என்று பேசிய மனுஷன் வாயிலிருந்து அந்த "ங்க" வரும்போது யாரோ மேனேஜரிடம் பேசுவதுபோல் இருக்கிறது. நான் என்ன பேச வந்தேன் என்பதே மறந்துபோகிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் என் கையால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானே அதை மாற்றி மாற்றி எனக்குச் சாதகமாக நினைத்துக்கொள்கிறேன்.

முதல் நாள் நீங்கள் வரவில்லை. லோடு இறக்க ஆள் வரவில்லை, விடிந்துதான் கிளம்ப முடியும் என்றீர்கள். பெண் வீட்டார் கேட்கக் கேட்க நான், "டில்லியில செமினாருங்க, விட மாட்டேன்ட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். விடிந்து நீங்கள் வந்தது அந்தப் பொய்க்குப் பிறகு. பைபாஸில் வண்டியை விட்டுவிட்டு வந்தால் முகூர்த்தம் தப்பிவிடும் என்றுதானே நேராக மண்டபத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்தீர்கள்? அதைக்கூட நான் அப்போது யோசிக்கவில்லை. மண்டப வாசலில் லாரியும், அதிலிருந்து தூக்கமில்லாத கண்ணோடு, சிமெண்டுத் தூசு படிந்த சட்டையோடு நீங்கள் இறங்கியதும்தான் எனக்குத் தெரிந்தது. நான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். சரியான நேரத்துக்கு வந்துவிட்டேன் பார் என்கிற சிரிப்பு.

அப்போதுதான் சுப்பராயலு மாமா, "யாருப்பா வாசல மறிச்சு லாரிய உட்டது? பொண்ணு அழைச்சுக்கிட்டு வர்ற வழி" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரும்மா இவரு?" என்றார். நான் சொன்னேன், "சாமான் ஏத்திக்கிட்டு வந்த டிரைவருங்க மாமா" என்று.

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நாக்கு தானாகப் புரண்டது என்றும் சொல்ல மாட்டேன். நான்தான் சொன்னேன். நீங்கள் ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம், "எடுத்துடறேங்கய்யா" என்றீர்கள். அவர் நல்ல மனுஷர், "வண்டிய ஓரமா வுட்டுட்டு இருந்து சாப்ட்டுட்டுப் போப்பா, டிரைவருங்களுக்குத் தனிப் பந்தி" என்றார். நீங்கள் அதற்கும் தலையாட்டினீர்கள்.

நான் உள்ளே போய் நாத்தனார் முடிச்சுப் போட்டேன். முடிச்சு சரியாக விழவில்லை என்று ஐயர் இன்னொரு தடவை போடச் சொன்னார். வீட்டு மாப்பிள்ளைக்கு என்று அவர்கள் கொண்டுவந்த தட்டை அம்மா என் கையில் வாங்கி வைத்தது. அப்போது நீங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் வேன் டிரைவர்களோடும் மேளக்காரர்களோடும் உட்கார்ந்திருந்தீர்கள். கதவிடுக்கில் பார்த்தேன். போகும்போது சுப்பராயலு மாமா மற்ற டிரைவர்களுக்குக் கொடுத்ததுபோலவே உங்களுக்கும் தாம்பூலப் பையும் பேட்டா கவரும் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர்கள். ஓடிவந்து தடுத்திருக்க வேண்டும். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அம்மா கிட்டே வந்து, "நல்ல வேள, சமாளிச்சுட்ட" என்றது. மாமா, அந்த நேரத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதுதான் இப்போது தாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திட்டக்குடியில் பெண் மாப்பிள்ளைக்கு விருந்து. நான் போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று அம்மா இழுத்துக்கொண்டு போனது. பெண்கள் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் பவானியின் பெரியப்பா மகள் இளமதி உட்கார்ந்தாள். நான் யார் வீட்டுக்காரி என்று தெரியாமல், சும்மா பேச்சுக்குச் சொல்வதுபோல் ஆரம்பித்தாள். "அண்ணி, ஒங்க வீட்டுக் கல்யாணத்துல எங்க தமிழ் சாரப் பாத்தேன், அறிவழகன் சாரு. அப்படி ஒரு பாடம் நடத்துவாரு. டிரைவருங்களோட ஒக்காந்து சாப்ட்டுக்கிட்டு இருந்தாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றாள். கையிலிருந்த சோறு எனக்குக் கையிலேயே இருந்தது.

அவள் உங்களிடம் போய், என்ன சார் இங்கே என்று கேட்டாளாம். நீங்கள், "லாரி ஓட்டுறேன்மா, லோடு எறக்க வந்தேன்" என்றீர்களாம். இவ்வளவு படித்துவிட்டு ஏன் சார் என்றதற்கு, "இந்த வேலைக்குப் படிப்பு வேணாம்னாங்க, அதான் தைரியமா வந்தேன்" என்று சிரித்தீர்களாம். அவள் விருந்தாளிகள் மேசைக்கு மாறி உட்காரச் சொன்னாளாம். வேண்டாம் என்றீர்களாம். அப்படியானால் சாப்பிடாமலாவது போயிருக்கலாமே சார், இந்தப் பந்தியிலா என்று அவள் கேட்டதற்கு, "நல்ல காரியம் நடக்குற எடத்துல எலையில ஒக்காராம போகக் கூடாதும்மா, பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆவாது" என்றீர்களாம். என் தம்பிக்கு ஆகாது என்று, மாமா. உங்களை அந்த இலையில் உட்கார வைத்தவள் தம்பிக்கு.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன். அவள் கடைசியாக, "வீட்ல எப்படி சார் எடுத்துக்கிட்டாங்க?" என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "அவளாலதான்மா நான் ஓட்டுறேன். நீங்க எத ஓட்டுனாலும் எனக்குப் பெருமதாங்கன்னு சொன்னா" என்றீர்களாம். வாசலில் நான் அப்படிச் சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

எதிர் இலையில் இருந்த பவானியின் அம்மா இதைக் கேட்டு, "அப்படி ஒரு பொண்டாட்டி கெடைக்கணுமே. எந்த ஊரு புண்ணியவதியோ" என்றார். பந்தியே ஆமாம் என்றது. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்து, அவர்தான் என் வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்கு வழி விட்டதுபோல் எல்லாரும் பேசாமல் சாப்பிட்டார்கள். நான் பாயசம் போதும் என்று கையை மறித்தேன், அவ்வளவுதான். இளமதி ஒருவேளை தெரிந்துதான் பேசினாளோ என்று ராத்திரியெல்லாம் நினைத்தேன். தெரிந்திருந்தால் அவள் என்னைக் காறித் துப்பியிருக்கலாம்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு முதுநகர் புக்கிங் ஆபீஸுக்குப் போனேன். நீங்கள் குஜராத்துக்கு டேங்கர் எடுத்துக்கொண்டு போய்விட்டதாகவும், இனிமேல் அந்த லைனில்தான், வருவதற்கு எப்போதாவதுதான் முடியும் என்றும் அந்தோணிசாமி அண்ணன் சொன்னார். கெமிக்கல் ஏற்றுகிற வண்டிக்கு மட்டும் டிரைவருக்குத் தமிழும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமாம், தனியாக வகுப்புக்குப் போய் லைசென்ஸில் ஏற்றி வாங்க வேண்டுமாம். ஆள் கிடைக்காமல் ரொம்ப நாளாகத் தேடியிருக்கிறார். கல்யாணத்துக்கு மறுநாள் நீங்களாகப் போய், "அண்ணா, நான் பத்தாவது இல்ல, எம்.ஏ., எம்.ஃபில்., பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்றீர்களாமே. "வாத்தியாரய்யாவையா நான் வாடா போடான்னு கூப்ட்டுக்கிட்டு இருந்தேன்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டும் ஒரே தராசில் நிற்கிறது என்று நான்தானே எழுதினேன். உங்கள் பொய்யால் குறைந்துபோனது நீங்கள் மட்டும். அதையும் மறுநாளே போய்ச் சொல்லித் தீர்த்துவிட்டீர்கள். என் பொய்யாலும் நீங்கள்தான் குறைந்துபோனீர்கள். நான் இன்னும் அதை வைத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள், செய்யப் பார்த்தேன். முதலில் ரத்தினம்மாள் அக்காவிடம் போனேன். அடுப்படி வாசலில் நின்று, "அக்கா, எங்க வீட்டுக்காரரு காலேஜ்ல இல்ல, லாரி ஓட்டுறாரு" என்றேன். அக்கா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஆடி மாசமே தெரியுமே ஜோதி. பங்க்ல சட்ட மாத்திக்கிட்டு வருவாருன்னு தெருவுக்கே தெரியும். நீ சங்கடப்படுவன்னு யாரும் கேக்கல" என்றார். யாருக்குத் தெரியக் கூடாது என்று உங்களைக் குழாயடியில் நிற்க வைத்தேனோ அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெருவே எனக்காக நடித்திருக்கிறது. வெட்கத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிறகு தம்பிக்குப் போன் செய்து, சம்பந்தி வீட்டில் சொல்லிவிடலாம் என்றேன். "இப்பப் போயி ஏங்கா? மாமாவ டிரைவருன்னு சொல்லி சோறு போட்டோம்னு தெரிஞ்சா எனக்கு அந்த வீட்ல என்ன மரியாத இருக்கும்? அவரே பேசாம போய்ட்டாரு, உனக்கு என்ன வந்துச்சு?" என்று வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் ஒப்பித்தான்.

திட்டக்குடிக்குப் போய்ச் சொல்லத்தான் போகிறேன். தனியாகப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நீங்கள் வந்து பக்கத்தில் நில்லுங்கள். பேச வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன். சுப்பராயலு மாமா என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். தட்டில் அவர்கள் வைத்துக் கொடுத்த வேட்டியும் துண்டும் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. உங்களிடம் கொடுக்கும் யோக்கியதை எனக்கு இல்லை, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த டேங்கரில் என்ன ஏற்றியிருக்கிறார்கள், ஒழுகினால் என்ன செய்ய வேண்டும் என்று சீட்டு ஒட்டியிருக்கும், அதைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் படித்த டிரைவர் வேண்டும் என்றார் அந்தோணிசாமி அண்ணன். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒழுங்காகப் படியுங்கள். ஒன்றுக்கு இரண்டு தடவை படியுங்கள். வண்டியில் இருக்கும்போது என்னை நினைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

எந்த வண்டியில் ஏறினாலும் சாமி உங்களைப் பத்திரமாக இறக்கிவிட வேண்டும். வேறு வேண்டுதல் எனக்கு இல்லை. அதாவது, இன்னும் ஒன்று இருக்கிறது. இளமதியிடம் நீங்கள் சொன்ன அந்தப் பெண்டாட்டி நம் வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை, மாமா. அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும், நான் தலைகுனிய வைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டே அவளைப் பற்றி அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். என்றைக்காவது அவள் வருவாள் என்று காத்திருந்தீர்கள் போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். ஆனால் அங்கே இருந்து வேண்டாம், வீட்டுக்கு வந்து காத்திருங்கள்.

ஜோதி